மஞ்சள்தூள் வாங்கும் வீடு

டான் ஆற்றில் மீன் கிடையாது. எங்கள் தெருவில் நடக்காத காரியம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "டான் ஆத்துல மீன் புடிச்ச மாதிரிதான்" என்று முடித்துவிடுவார்கள். வீட்டுச் சொந்தக்காரன் கூரையைச் சரிபண்ணித் தருகிறேன் என்றாலும் அதேதான், மந்திரி ஓட்டுக் கேட்க வந்தாலும் அதேதான்.

அந்த ஆற்றை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும், மத்தியானம் கறுப்பாகிவிடும், ராத்திரி எஃகு உலைகளைத் திறந்தால் நெருப்பு நிறம். ஒரு தடவை என் சைக்கிள் அதற்குள் விழுந்துவிட்டது. கயிறு எடுத்துக்கொண்டு வருவதற்குள் மணி மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதுவும் பளபளவென்று மெருகேறி. பழுக்கக் காய்ந்த எஃகை நனைத்த வெந்நீரெல்லாம் அதில்தான் போய்ச் சேரும் என்பதால் மாசிப் பனியிலும் ஆறு வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் கரையோரம் அத்திமரங்கள் முளைத்து நின்றன. இத்தனையில் அத்திமரம் ஒன்றுதான் உண்மை. வெளியூர்க்காரர்கள் சைக்கிளை நம்புவார்கள், அத்திமரத்தை நம்பமாட்டார்கள்.

எங்கள் ஊர் ஷெஃபீல்டில் பிறந்தவன் எஃகு காய்ச்சுவான், இல்லையென்றால் கத்தி, கரண்டி செய்வான், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவான். வாசலில் ஓடும் ஆறு செத்துக் கிடந்ததால் தூண்டில் சங்கத்து பஸ்ஸில் ஏறி லிங்கன்ஷையர் பக்கம் விதம் என்ற ஆற்றுக்குப் போவோம். கரை நெடுக முளைக்குச்சி அடித்து எண் போட்டிருக்கும். தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்து, வந்த எண்ணில் போய் உட்கார வேண்டும். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வலைப்பைக்குள் போட்டு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம். தின்பதற்கு வெள்ளிக்கிழமை கடையில் பொரித்த கடல்மீன் உருளைக்கிழங்கோடு காகிதத்தில் சுற்றி வருகிறது. ஆற்றுமீனைத் தின்பது நம்மோடு சீட்டாடியவனைத் தின்பது மாதிரி.

தராசு என்னிடம் இருந்தது. சங்கத்தில் என்னைவிடப் பெரிய பொய்யன் கிடையாது, அதனால்தான் கொடுத்தார்கள். எந்த இடத்தில் பொய்யை நிறுத்த வேண்டும் என்று பொய்யனுக்குத்தானே தெரியும். பஸ்ஸிலும் சாராயக்கடையிலும் மீனை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். தராசடியில் அரை அவுன்ஸ் கூடாது. விதம் ஆற்றில் நீளமூஞ்சிக் கொள்ளைக்கார மீன் ஒன்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மறுவருஷம் அதே மீன் மாட்டியபோது தொப்பியைத் திருப்பித் தந்துவிட்டது. தொப்பி கொஞ்சம் சின்னதாகியிருந்தது, தண்ணீரில் ஊறியதல்லவா. இதை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மீனின் எடையைக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். தராசில் போடவில்லையே.

என் பக்கத்து வீடு வில்ஃப் ஸ்டானிஃபோர்த். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவன் வீட்டுக் கெட்டில் கொதித்தால் என் வீட்டில் கோப்பையை எடுத்து வைக்கலாம். வில்ஃப் பெரிய சம்மட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று வாலிபத்திலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவன் பெண்சாதி பெரில் மெருகுப் பட்டறைக்காரி. இடுப்பில் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு, தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, சுற்றுகிற சக்கரத்தில் மணலும் எண்ணெயும் போட்டு, மீன் தின்பதற்கென்றே செய்யும் கத்தியையும் முள்கரண்டியையும் ஆயுசெல்லாம் தேய்த்தாள். எங்கள் தெருவில் அந்தக் கத்தியால் யாரும் எதையும் தின்றதில்லை. வெளிச்சம் கத்திக்குப் போயிற்று, தூசி பெரிலின் நெஞ்சுக்குப் போயிற்று. குளிர் தொடங்கிவிட்டால் அவள் இருமுவது எனக்கு அலாரம்.

கல்யாணம் ஆன புதிதில் இருவரும் மேபிள்தார்ப் கடற்கரைக்குப் போனார்கள். மழை விடவே இல்லையாம். கடற்கரைக் கொட்டகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே பெரில், "இங்கயே இருந்துடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவன், "டான் ஆத்துல நான் மீன் புடிக்கிற அன்னைக்கு மூட்டையக் கட்டிட்டு வந்துடலாம்" என்றிருக்கிறான். அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, இருமி முடித்த மூச்சோடு, "என்ன வில்ஃப், மீன் வந்துச்சா?" என்பாள். "இன்னும் வரல" என்பான். சிரிப்பு எந்த வருஷம் நின்றது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியவில்லை.

பிறகு உலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். முதலில் புகை நின்றது, அப்புறம் சத்தம். தெருவில் துணி வெள்ளையாகக் காய்ந்தது. ஆண்பிள்ளைகள் பகலில் வீட்டில் இருந்தார்கள். பஸ்ஸை நிறைக்க ஆள் சேராததால் ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் நின்றது. பெரிலின் பட்டறையும் மூடியது. இருமல் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் வில்ஃப் தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு டான் ஆற்றுக்குப் போய், அணைக்கட்டுக்குக் கீழே பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பாலத்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். செத்துப்போன குதிரைக்குப் புல் வைக்கிறவனைப் பார்ப்பது போல. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னத்துக்குடா இங்க வந்து உக்காந்திருக்க?"

"வீட்ல உக்காந்தா பெரில் கூட்ட ஆரம்பிச்சிடறா பெருசு. கால தூக்கு, கால தூக்குங்கறா. எவ்வளவு நேரம் தூக்கி வெச்சுக்கறது?"

"முள்ளுல என்ன மாட்டியிருக்க?"

"புழு."

"உசுரோடயா?"

"போடும்போது உசுரோடதான் இருந்துச்சு."

"பட்டறைக்குப் போற நேரத்துக்குக் கிளம்பற, பட்டறை விடற நேரத்துக்கு வர்ற. தெருவே பேசுது."

"பேசட்டும். எழுந்திரிச்சா எங்கயாவது போகணும்ல?"

ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவிக் கொண்டுவந்திருந்தான். பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். தின்றோம். தக்கை சும்மா நின்றது. அப்படியே பல நாள் போனது. இலையுதிர்காலம் வந்து அத்தியிலை பழுத்தது.

ஒரு புதன்கிழமை தக்கை உள்ளே போயிற்று.

தூக்கத்தில் ஈ விரட்டுகிறவன் மாதிரி வில்ஃப் கையைச் சுண்டினான். கம்பு வளைந்தது. வெளியே வந்தது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ரோச் மீன். வெள்ளிப் பக்கம், குங்குமம் தொட்டது போலச் செட்டை. நாங்கள் இருவரும் தொப்பியைக் கழற்றினோம். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு மூச்சு நேரம் வில்ஃபின் முகம் பையன் முகம் போல இருந்தது. அப்புறம் ஏதோ நினைவுக்கு வந்தது. மீனைத் துவாலைக்குள் மூடினான், பாலத்தை அண்ணாந்து பார்த்தான், திருட்டுப் பொருளை ஒளிப்பது போலக் குனிந்து தண்ணீருக்குள் விட்டான்.

"பெருசு, நீ ஒண்ணும் பாக்கல."

"நான் பாத்தத நானே நம்பலடா."

"வெளில மூச்சு விடாத."

"நான் சொன்னா எவன்டா நம்பப் போறான்?"

"அவ நம்புவா" என்றான்.

குஞ்சு மீனை முழநீளத்துக்கு வளர்த்தவர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த மீனை ஒன்றுமில்லாமல் ஆக்கியவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புத்தியுள்ளவன் மறுநாள் அந்தப் பக்கம் போகமாட்டான். வில்ஃப் விடிந்ததும் போனான், அதுவும் புழுவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு. எங்கள் சங்கத்தில் அது பழைய வழக்கம். வெள்ளைப் புழுவை மஞ்சள்தூளில் புரட்டி ஒரு ராத்திரி வைத்தால் அந்த வாசனைக்கு ரோச் மீன் ஓடிவரும். அதற்காகத்தான் ஃபஸலின் மளிகைக்கடைக்குப் போவோம். அவன் கடல் தாண்டி மீர்ப்பூரிலிருந்து வந்தவன். இத்தனை வெள்ளைக்காரர்கள் மஞ்சள்தூள் வாங்குகிறார்களே, நம் சமையல் இந்த ஊருக்குப் பிடித்துப்போயிற்று என்று பெருமைப்பட்டுக் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை இனாமாகவும் தருவான். வாங்கி வந்து முயலுக்குப் போடுவோம். உண்மையைச் சொல்லி அவன் மனசை நோகடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிச் சில வாரம் போன பிறகுதான் மேபிள்தார்ப்பிலிருந்து பெரிலின் தங்கை ஐவி சொல்லி அனுப்பினாள். விடுமுறைக்கு வருகிறவர்கள் காரில் இழுத்து வரும் சக்கரவீட்டை நிறுத்திவைக்கும் மைதானம் ஒன்றை அவளும் புருஷனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அந்த வேலையை விடுகிறார்கள், முதலாளிக்கு ஒரு தம்பதி வேண்டும், வாசலோரம் சின்னதாக ஒரு செங்கல் வீடு உண்டு, ஈரம் கிடையாது, திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான் சுவரோரம் உட்கார்ந்து அவர்கள் வீட்டு வெந்த பட்டாணி வாசனையில் என் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

"அங்க போய் நான் என்ன பண்ணுவேன்? ஊர் சுத்த வர்றவன் போடற குப்பையக் கூட்டுறதா?" இது வில்ஃப்.

"இங்க என்ன பண்ற?"

அவன் கரண்டி தட்டைச் சுரண்டும் சத்தம் வந்தது.

"கடலு எனக்கு ஆகாது பெரில். எதிர்க்கரையே இல்லாத தண்ணி. எதப் பாத்துகிட்டு உக்கார்றது?"

"வாய்க்கால் இருக்கு, வாய்க்கால்ல மீன் இருக்குங்கறா ஐவி."

"ஐவிக்கு மீனப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு மூச்சு விடறதப் பத்தித் தெரியும்" என்றாள் பெரில். பிறகு மெதுவாக, "நீ சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்கு" என்றாள்.

"டான் ஆத்துல இன்னும் மீன் வரலியே."

செங்கல்லைத் தாண்டியும் அந்தக் குரலில் பொய் தெரிந்தது. ஊரே பொய் சொல்லும் சங்கத்தில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை, பாவி. நான் ரொட்டியை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரில் பின்முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குட்டைச் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏர்ன், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாம பதில் சொல்லுவியா?"

"பழக்கமில்ல. முயற்சி பண்றேன்" என்றேன்.

"ஃபஸல் கடைக்குப் போனேன். 'என்னம்மா, உங்க வீட்ல தெனமும் கறிக்கொழம்பா? ஐயா ஓயாம மஞ்சத்தூள் வாங்கிட்டுப் போறாரே'ங்கறான். எங்க வீட்டு ஆளு சாப்பாட்டுல மொளகு பட்டாலே தண்ணி கேக்கற ஆளு."

"மஞ்சள் புழுவுக்குடி. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆத்துல மீன் இல்ல, பஸ்ஸும் இல்ல. புழுவுக்கு எதுக்கு அலங்காரம்?"

"மஞ்சள் காயத்துக்கு நல்லதாமே, ஃபஸல் சொன்னான். புழுவுக்கு எங்கயாவது அடிபட்டிருக்கும்."

"ஏர்ன்."

"சரி, சரி."

அவள் வாளியிலிருந்து வில்ஃபின் தூண்டில் துவாலையை எடுத்து உதறாமல் விரித்தாள். மடிப்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் கிள்ளி எடுத்து என் பக்கம் நீட்டினாள். வெயிலில் மினுங்கியது.

"இது என்ன?"

"பொம்மைச் சட்டைப் பொத்தான்."

"ஏர்ன்."

"செதில்."

"எந்த ஆத்துச் செதில்?"

நான் பேசவில்லை. எனக்கு எண்பது நெருங்குகிறது. பெண்பிள்ளை ஒருத்தி கேட்டு நான் கதை சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும். நீ வாய மூடிட்டு நிக்கறதே பதில்தான்."

"நேரா அவங்கிட்டயே கேட்டுடேன் பெரில்."

"கேட்டா வருவான். மூட்டையத் தூக்கிட்டு வந்து, அங்க உக்காந்து செவுத்தப் பாப்பான். கேட்டு வாங்கறதுக்கு இது என்ன ஒரு கப் சக்கரையா? அவன் வாயால வரணும்." துவாலையைக் கொடியில் போட்டாள். "திங்கக்கெழம ஐவிக்கு போன் பண்ணணும். அவனாச் சொன்னா ரெண்டு பேர் வரோம்னு சொல்லுவேன். சொல்லலேன்னா ஒருத்தின்னு சொல்லுவேன்."

"இத்தன வருஷத்துக்கு அப்புறமா?"

"இத்தன வருஷத்துக்கு அப்புறந்தான். அலுத்துப்போச்சு ஏர்ன். கோவம்கூட வரமாட்டேங்குது. கோவம் வந்தாலாவது கொஞ்சம் சூடா இருக்கும்." இருமல் வந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். "நீ அவங்கிட்ட எதையும் உளறாத."

ஆக, அந்த வீட்டு இரண்டு ரகசியமும் என்னிடம் வந்து சேர்ந்தன. ஊரில் ஒரு பேச்சை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கத் தெரியாத என்னிடம். யாரைப் பார்த்தாலும் எதிர்ச்சந்தில் திரும்பி நடந்தேன்.

அன்று சாயங்காலம் சங்கத்துக் காரியதரிசி க்ளாரி ஆக்ஸ்ப்ரிங் சாராயக்கடையில் மேசையைத் தட்டினான். அவன் பெரிய குரல்காரன், பஸ் நின்றதிலிருந்து தூக்கம் கெட்டு அலைந்தவன்.

"அணைக்கட்டுல கொக்கு நிக்குதுடா! என் கண்ணால பாத்தேன். சாம்பல் கொக்கு, ஆளு ஒசரம்."

"நின்னா நிக்கட்டுமே, அதுக்கும் வேல போயிருக்கும்" என்றான் ஒருவன்.

"கொக்குக்கு என்ன வேண்டுதலா, சும்மா வந்து நிக்கறதுக்கு? ஆத்துல ஏதோ இருக்கு. ஞாயித்துக்கெழம டான் ஆத்துலயே போட்டி வெக்கறோம். பஸ் வேணாம், ஒண்ணும் வேணாம், நடந்தே போலாம்."

எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் வருகிறோம் என்றார்கள். வில்ஃப் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முதுகு வலி க்ளாரி."

"உக்காந்து தூங்கறதுக்கு எதுக்குடா முதுகு? மாசக்கணக்கா அங்கதான குடியிருக்க. நீ வராம எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை தூறல். பூட்டிய பட்டறைச் சுவரோரம் வரிசையாக முளை அடித்திருந்தது. க்ளாரியின் தொப்பியில் கைவிட்டு எண் எடுத்தார்கள். வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். எங்கோ கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் விழவேண்டும் என்று அவன் உதடு வேண்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. விழுந்தது பாலத்தடி.

"உன் வீட்டுக்கே உன்ன அனுப்பறோம்" என்று க்ளாரி முதுகில் தட்டினான்.

மத்தியானம்வரை யாருக்கும் ஒரு கொத்துக்கூட இல்லை. நான் தராசைத் தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு கரையோரம் நடந்தேன். "பெருசு, தராசுல உன்னையே தொங்கவிட்டு எட போட்டுக்க" என்றார்கள். குளிர்ந்த பன்றிக்கறிப் பணியாரத்தை மழையோடு சேர்த்துத் தின்றார்கள். கொக்கைக் காணோம். அதற்குக் கூட்டம் பிடிக்காது.

பாலத்தடிக்கு வந்தேன். வில்ஃபின் தக்கையைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டம் விழுந்துகொண்டிருந்தது. மழைத்துளி வட்டம் வேறு, மீன்வாய் வட்டம் வேறு. தினமும் மஞ்சள் புழு தின்று பழகிய கூட்டம், தீவனக்காரியைச் சுற்றும் கோழிகள் மாதிரி வந்து நின்றது. வில்ஃப் மூச்சுக்குள், "போங்கடா, போய்த் தொலைங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கம்பைத் தூக்கினான். தூண்டில் நரம்பின் நுனியில் ஒன்றுமில்லை. புழு இல்லை, முள்ளும் இல்லை.

"முள் எங்கடா?"

"உஷ்."

"காலையிலேர்ந்து இப்படித்தானா?"

தலையாட்டினான். மொட்டை நரம்பைத் திரும்பத் தண்ணீரில் போட்டான். அவன் பக்கத்தில் குந்தினேன்.

"போனாத்தான் என்னடா வில்ஃப்?"

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரே பட்டறை கேட்டு வழியா ஆயுசுக்கும் உள்ள போனேன் பெருசு. ஒருநா அந்தக் கேட்ட மூடிட்டு, 'போ'ன்னான். போனேன். பஸ்ஸும் நின்னுச்சு. இந்த ஊர்ல எதுவும் என்ன வான்னு கூப்புடல. இந்த எழவெடுத்த ஆறு மட்டுந்தான், வான்னுச்சு. அதுவும் இப்பத்தான். இத எப்படி வுட்டுட்டுப் போறது?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பெரில் வாயை அடைத்திருந்தாள்.

அப்போது பாலத்துப் படியில் அவளே இறங்கி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தூண்டில் கரைக்கு வந்ததில்லை. பழைய சிவப்புத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள், கையில் பிளாஸ்க். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தாள். வில்ஃப் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. டீ கொண்டாந்தேன்."

"மழையில எதுக்கு வந்த?"

"வீட்ல கூட்டிப் பெருக்க யார் காலும் இல்ல."

கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கின் மூடிக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் கோப்பையை வாங்கிய விரல்கள் மஞ்சளாக இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். தண்ணீரில் விழும் வட்டங்களைப் பார்த்தாள். ஆயுசெல்லாம் முள்கரண்டியின் பல்லைப் பார்த்துத் தேய்த்த கண் அது. அவன் கம்பைத் தூக்கியபோது நரம்பின் நுனியையும் பார்த்தாள்.

"நுனியில ஒண்ணும் இல்லியே வில்ஃப்."

"அறுந்திருக்கும்."

"காலையிலேர்ந்தா?"

அவன் கம்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் எதுவும் கேக்க வரல. டீ குடுக்கத்தான் வந்தேன். நாளைக்கு ஐவிக்கு போன் பண்ணணும், அவ்வளவுதான். குடி, ஆறிடும்."

குடித்தான். தூறல் அத்தியிலை மேல் விழும் சத்தம் கேட்டது. மேலே க்ளாரி யாரையோ கத்திக்கொண்டிருந்தான். பெரில் இருமினாள். அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். இருமல் நின்ற பிறகும் தலையைத் தூக்க நேரமாயிற்று. வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தான். சட்டைப்பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து, அதிலிருந்து அரிசிமுனை அளவு முள் ஒன்றை எடுத்தான்.

கட்ட முடியவில்லை. மூக்குக்கண்ணாடியில் மழை. நரம்பு முள்ளின் காதை விட்டு நழுவி நழுவிப் போயிற்று. நான் கையை நீட்டினேன், அவன் கவனிக்கவில்லை.

"இப்படிக் குடு, நான் இழுத்துப் புடிச்சுக்கறேன். நீ முடிச்சப் போடு" என்றாள் பெரில்.

அவள் நரம்பை இரண்டு விரலால் விறைப்பாகப் பிடித்தாள், பட்டறையில் கத்தியைச் சக்கரத்துக்குப் பிடித்த மாதிரி. அவன் சுற்றினான், நுழைத்தான், எச்சில் தொட்டு இறுக்கினான். மஞ்சள் புழு ஒன்றைக் கோத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தூண்டிலைப் போட்டான்.

தக்கை நிமிரக்கூட நேரம் கொடுக்கவில்லை. உள்ளே போயிற்று.

பெரிய ரோச் வந்திருக்கலாம். அதுதான் நியாயம். வந்தது கஜன் என்கிற பொடிமீன். விரல் நீளம், இரண்டு பக்கமும் மீசை, காலையில் எழுப்பிவிட்ட கிழவன் மாதிரி முழித்தது. பாலத்தின்மேல் யாரோ கத்தினார்கள். கரை முழுக்கக் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. க்ளாரியின் கண்ணில் தண்ணீர், மழை என்றான்.

"எட போடு பெருசு! டான் ஆத்து மீனுடா! ஒழுங்கா எட போடு!"

தராசை அத்திக் கிளையில் மாட்டினேன். அதைச் சரியாகக் காட்டவைக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று தடவை பார்த்தேன். "ஒரு அவுன்ஸ்" என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன மிகச் சின்ன மீன் அது. முன்வரிசையில் ஒருவன் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தான்.

மற்றவர்கள் வில்ஃபைத் தூக்காத குறை. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பெரில் எழுந்து வந்து தராசுப் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுவா?"

"மீன்தான்" என்றான் வில்ஃப்.

"சின்னதா இருக்கு."

"பெருசு ஒண்ணு போன மாசமே வந்துச்சு பெரில்." எல்லார் முன்னாலும் சொன்னான். "நான் சொல்லல."

சத்தம் அடங்கிவிட்டது. விஷயம் தெரியாதவர்களும் தொப்பியைத் தடவினார்கள். பெரில் சிவப்புத் துணியின் முனையால் முகத்தைத் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான். "ஐவி சொன்ன வீட்ல, புழு டப்பா வெக்கறதுக்கு எடம் இருக்குமா?"

"பின்னாடி ஒரு கொட்டாய் இருக்காம். என் சமையக்கட்டுப் பக்கம் வந்துதுன்னா உன்னயும் சேத்து வெளிய வெப்பேன்."

மீனைத் தானே விடுவதாகச் சொன்னாள் பெரில். காலமெல்லாம் மீன்கத்தி தேய்த்தவளின் கையில் உயிருள்ள மீன் அன்றைக்குத்தான் வந்தது. கையை நனைத்துக்கொள்ளச் சொன்னான் வில்ஃப். நனைத்துக்கொண்டு வாங்கினாள், குனிந்து தண்ணீருக்குள் விரலைத் திறந்தாள். மீன் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது, களைத்துப்போனது மாதிரி. அப்புறம் போயிற்று.

மாதக் கடைசியில் அவர்களும் போனார்கள். சாமான் அதிகமில்லை. வில்ஃப் தூண்டில் கம்புகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கழுத்து வலிக்கும் வயசு. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. காலையில் நான் நேரம் கழித்து எழுந்திருக்கிறேன்.

போன வாரம் மஞ்சள்தூள் வாங்க ஃபஸல் கடைக்குப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டே அவன், "உங்க பக்கத்து வீட்டு ஐயா ஏன் வர்றதே இல்ல? கறி வெக்கறத விட்டுட்டாங்களா?" என்று கேட்டான்.

"கடலோரம் குடி போயிட்டாங்கப்பா."

"கடலோரமா! அப்ப நல்ல மீன் கொழம்பு வெப்பாங்களே" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

"தெனமும் வெக்கறாங்களாம்" என்றேன். "வாசன பத்து மைலுக்கு அடிக்குதாம். அந்தம்மாவுக்கு இருமலே நின்னு போச்சாம்."

கொத்தமல்லிக் கட்டு இரண்டு கொடுத்தான்.